பின் ஸ்பீக்கர் பழுது: மலையில் ஓடும் கார்களுக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியையும் குன்னூரையும் நனைக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், தெரிந்தவர்களின் வண்டிகள் ஒவ்வொன்றாக என் வீட்டு வாசலில் வந்து நிற்கும். "அண்ணா, பின்னாடி ஸ்பீக்கர் போயிடுச்சு, புதுசு வாங்கியாச்சு, மாட்டி மட்டும் குடுங்க" என்பதே வழக்கமான பேச்சு. கதவின் உட்பலகையைக் கழற்றிப் பார்த்தால் பல வண்டிகளில் பழைய ஸ்பீக்கர் நல்ல நிலையிலேயே இருக்கும். ஒயர் அறுந்திருக்கும், அல்லது கப்ளரில் (ஒயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பான்) பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஸ்பீக்கர் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தால், அதைக் கெடுத்த தண்ணீர் அதே வழியில் இன்னமும் சொட்டிக்கொண்டிருக்கும். அந்த வழியை அடைக்காமல் மாட்டப்படும் புதிய ஸ்பீக்கருக்கும் அடுத்த மழையில் அதே கதிதான் ஏற்படும்.

ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும், செலவு மிகுந்த காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். வரிசையைத் தாண்டிச் செல்ல வேண்டாம். புதிய ஸ்பீக்கரை ஏற்கெனவே வாங்கியிருந்தாலும், பழையது கெட்டது என்று சோதித்து உறுதி செய்யும் வரை அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருங்கள்.

## தொடங்குவதற்கு முன்

ஒரு மல்டிமீட்டர், இரு துண்டு ஒயர், ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி, நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், பலகையை நெம்ப ஒரு பிளாஸ்டிக் பட்டை, இரண்டு மீட்டர் ஒயர் இணைத்த பழைய 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்று ஆகியவை போதும். கடைசியாகச் சொன்ன சோதனை ஸ்பீக்கரை எல்லோரும் அலட்சியப்படுத்துகிறார்கள். என் அனுபவத்தில் மல்டிமீட்டரைவிட அதுவே அதிக நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால், இருக்கையின் ஓரத்திலும் கூரையை ஒட்டிய தூண்களிலும் மஞ்சள் நிறக் கப்ளர்கள் இருக்கும். அவற்றைக் கழற்றக் கூடாது. மல்டிமீட்டர் முனையை அவற்றில் வைக்கவும் கூடாது. ஸ்பீக்கரை அடைய அந்தத் தூணின் மூடியைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், அந்த வேலையை நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் விட்டுவிடுங்கள். மற்ற வண்டிகளில் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிய பிறகே ஒயர்களில் கை வைக்க வேண்டும்; ஸ்டீரியோவை இயக்கிச் செய்யும் சோதனைகளுக்கு மட்டும் அதைத் திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள். சில ஸ்டீரியோக்கள் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் மீண்டும் இயங்க ரகசிய எண் கேட்கும் என்பதால், அந்த எண் கையில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகையைக் கழற்றும் நேரமும் முக்கியம். தலைக்குந்தா, காந்தல் போன்ற இடங்களில் உறைபனி விழும் மார்கழிக் காலையில் பிளாஸ்டிக் கிளிப்புகள் கண்ணாடி போல் உடையும். வண்டியை வெயிலில் நிறுத்தி, பலகை கைக்குச் சூடாகத் தெரிந்த பிறகு கழற்றினால் அதே கிளிப்புகள் முழுதாக வெளியே வரும்.

## அறிகுறி 1: பின்னால் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒலிக்கவில்லை, முன்னால் சரியாக ஒலிக்கிறது

இரண்டு ஸ்பீக்கர்கள் ஒரே நாளில் கெட்டுப்போவது மிக அரிது. எனவே காரணம் அவற்றுக்குப் பொதுவான ஓர் இடத்தில் இருக்கும்.

முதலில் ஸ்டீரியோவின் ஃபேடரை, அதாவது ஒலியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் அமைப்பைப் பாருங்கள். வண்டி கழுவப் போன இடத்திலோ குழந்தைகள் கையிலோ அது முன்பக்கம் முழுவதும் தள்ளப்பட்டிருக்கலாம். வெளியில் வாங்கி மாட்டிய ஸ்டீரியோ என்றால், பின் வெளியீட்டைப் பின் ஸ்பீக்கருக்கா, தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபருக்கா என்று தேர்ந்தெடுக்கும் அமைப்பு சிலவற்றில் இருக்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு அது மாறியிருக்கக் கூடும்.

அடுத்ததாக, டிக்கிக்கு மேலுள்ள பார்சல் டிரேயில் 6×9 அங்குல நீள்வட்ட ஸ்பீக்கர்கள் பொருத்திய வண்டிகளில், டிரேயின் கப்ளரைப் பாருங்கள். மே மாத மலர்க் கண்காட்சி சமயத்தில் சுமை ஏற்றுவதற்காக டிரேயைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது கப்ளரைச் செருக மறந்தவர்கள் பலர். செருகியிருந்தாலும் ஒருமுறை பிடுங்கி, முனைகளில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பார்த்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் செருகுங்கள்.

ஃபியூஸைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஸ்டீரியோவின் ஃபியூஸ் எரிந்திருந்தால் முன் ஸ்பீக்கர்களும் ஒலித்திருக்காது. பின்பக்கத்துக்குத் தனியாக ஆம்ப்ளிஃபையர் வைத்திருந்தால் மட்டுமே அதன் ஃபியூஸையும், பேட்டரியை ஒட்டி ஒயரில் உள்ள ஃபியூஸையும் பார்க்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் ஸ்டீரியோவை வெளியே இழுத்து அதன் பின் கப்ளரைப் பாருங்கள். வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்களில் பச்சை ஒயர் இடப் பின் ஸ்பீக்கருக்கும், ஊதா ஒயர் வலப் பின் ஸ்பீக்கருக்கும் உரியவை. கறுப்புக் கோடு போட்டவை அவற்றின் மைனஸ். கம்பெனி ஒயர்களின் நிறங்கள் வண்டிக்கு வண்டி மாறும். பச்சை, ஊதா ஒயர்களில் சோதனை ஸ்பீக்கரை நேராக இணைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒலி வந்தால் கோளாறு அதற்குப் பின்னால் உள்ள ஒயரில் இருக்கிறது. இரண்டிலும் வராவிட்டால் ஸ்டீரியோவின் வெளியீட்டுப் பகுதி போய்விட்டது. அதைத் திறந்து பார்ப்பது எலெக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவரின் வேலை.

## அறிகுறி 2: ஒரு பக்கம் மட்டும் முற்றிலும் மௌனமாக இருக்கிறது

ஒலியை இடம், வலம் பிரிக்கும் பேலன்ஸ் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பலகையைக் கழற்றுங்கள். கைப்பிடிக் குழியிலும் கை வைக்கும் மேட்டிலும் மூடிக்குப் பின்னால் ஸ்க்ரூக்கள் ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்த பிறகு பலகையின் கீழ் விளிம்பிலிருந்து ஒவ்வொரு கிளிப்பாக நெம்பி, கடைசியில் மேல்நோக்கித் தூக்க வேண்டும். கையால் சுற்றிக் கண்ணாடி ஏற்றும் பழைய வண்டிகளில், அந்தக் கைப்பிடியை ஒரு லாடம் போன்ற சிறிய ஸ்பிரிங் கிளிப் பிடித்திருக்கும். பழைய பருத்தித் துணியை நீளமாகக் கிழித்து, கைப்பிடிக்கும் பலகைக்கும் இடையில் செருகி, செருப்புக்கு மெருகேற்றுவதுபோல் இருபுறமும் மாறி மாறி இழுத்தால் கிளிப் துள்ளி வெளியே வரும். அது விழும் திசையில் ஒரு கையை வைத்துக்கொள்ளுங்கள். புல்லில் விழுந்தால் கிடைக்காது.

இனி ஸ்பீக்கரிலிருந்து கப்ளரைப் பிடுங்கி, ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் பென்சில் பேட்டரியை ஒரு நொடி மட்டும் தொடுங்கள்.

### "டப்" என்று ஒலி கேட்டால்

ஸ்பீக்கரின் காயில் (உள்ளே உள்ள கம்பிச் சுருள்) உயிரோடு இருக்கிறது. கோளாறு ஒயரிலோ கப்ளரிலோ ஸ்டீரியோவிலோதான். கப்ளரில் உள்ள இரு ஒயர்களிலும் சோதனை ஸ்பீக்கரை மாட்டிப் பாட்டை ஓடவிடுங்கள். ஒலி வந்தால் பழைய ஸ்பீக்கரின் முனையில் களிம்பு ஏறியதுதான் காரணம். தேய்த்துச் சுத்தம் செய்து, முனையில் மட்டும் துளி வாசலின் தடவிச் செருகினால் வேலை முடிந்தது.

சோதனை ஸ்பீக்கரிலும் ஒலி வராவிட்டால், ஸ்டீரியோவின் பின் கப்ளரையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் அளவையில் வைத்து, ஒவ்வொரு ஒயரின் இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். பீப் வராத ஒயர் வழியில் அறுந்திருக்கிறது. அதற்கு அறிகுறி 3-இல் உள்ள ரப்பர் குழாய்ப் பகுதியைப் படியுங்கள். பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையை ஒயரிலும் மற்றொன்றை வண்டியின் உடலிலும் வைத்துப் பாருங்கள். இப்போது பீப் வந்தால் ஒயர் எங்கோ உரசித் தகரத்தைத் தொடுகிறது. அந்நிலையில் ஸ்டீரியோவை இயக்கவே கூடாது.

ஒயர் இரண்டும் சரியாக இருந்தால், சோதனை ஸ்பீக்கரை ஸ்டீரியோவின் பின்புறத்திலேயே இணைத்துப் பாருங்கள். அங்கும் ஒலி இல்லாவிட்டால் அந்த ஒரு வெளியீடு போய்விட்டது. ஸ்டீரியோவைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்பதை அதற்குரியவர் சொல்லட்டும். மௌனமான அந்த வெளியீட்டுக்குப் பதிலாக முன் ஸ்பீக்கரின் ஒயரிலேயே பின் ஸ்பீக்கரையும் சேர்த்து முறுக்கிவிடும் பழக்கம் உண்டு. அது என்ன செய்யும் என்பது அறிகுறி 8-இல் இருக்கிறது.

### ஒலி எதுவும் கேட்காவிட்டால்

மல்டிமீட்டரை ஓம் அளவையில் வைத்து ஸ்பீக்கரின் முனைகளை அளங்கள். நல்ல 4 ஓம் ஸ்பீக்கர் 3-க்கும் 4-க்கும் இடையில் காட்டும். மீட்டர் எதையும் காட்டாவிட்டால், கைவிடுவதற்கு முன் முனையிலிருந்து கோனுக்கு (அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு) செல்லும் மெல்லிய பின்னல் கம்பியைப் பாருங்கள். அது முனையருகில் அறுந்திருந்தால் ஒரு துளி சால்டரில் ஸ்பீக்கர் உயிர் பெறும். பின்னல் கம்பி முழுமையாக இருந்தும் மீட்டர் அசையாவிட்டால் காயில் எரிந்துவிட்டது அல்லது துருவில் அறுந்துவிட்டது. இப்போதுதான் புதிய ஸ்பீக்கரின் பெட்டியைப் பிரிக்கலாம்.

## அறிகுறி 3: விட்டு விட்டு ஒலிக்கிறது, கதவைத் திறந்து மூடினால் வருகிறது, போகிறது

மலையில் இதுவே அடிக்கடி நேரும் பழுது. இதற்காகவே அதிகமாக நல்ல ஸ்பீக்கர்கள் தூக்கி எறியப்படுகின்றன. வண்டியின் தூணிலிருந்து கதவுக்குள் ஒயர்கள் செல்லும் இடத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அதற்குள் இருக்கும் ஒயர்கள் வளைகின்றன. சமவெளியில் கதவைத் திறந்தால் அது நிறுத்தும் இடத்தில் நிற்கும். இங்கே சரிவில் நிறுத்திய வண்டியின் கதவு, பிடியை விட்டவுடன் தன் எடையாலேயே கடைசி வரை விரிந்து மோதி நிற்கும். அந்த இழுப்பு முழுவதையும் ஒயர்கள் தாங்குகின்றன. ஒரு நாளில் இருபது முறை பயணிகள் ஏறி இறங்கும் டூரிஸ்ட் வண்டிகளில் இடப் பின் கதவுதான் முதலில் போகும். சாலையோரமாக நிறுத்தி இறக்கும் பக்கம் அதுதான்.

சோதிக்கும் முறை எளிது. பாட்டை ஓடவிட்டு, கதவைப் பாதி திறந்து வைத்து, ரப்பர் குழாயை இரு விரல்களால் மெல்ல வளைத்தும் நெளித்தும் பாருங்கள். ஒலி துண்டித்துத் துண்டித்து வந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். ஒலிக்கும் மௌனத்துக்கும் தொடர்பில்லாமல் இருந்தால் ஸ்பீக்கர் முனையில் உள்ள கப்ளரை அசைத்துப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால், அதன் உள் தகட்டைச் சிறிய இடுக்கியால் லேசாக அழுத்தி இறுக்கினால் போதும்.

ரப்பர் குழாயைத் தூண் பக்கத்தில் பிதுக்கி வெளியே எடுத்துப் பின்னுக்குத் தள்ளினால் ஒயர்கள் தெரியும். வெளியிலிருந்து பார்க்க எல்லா ஒயர்களும் முழுமையாகவே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் உறை வளைந்துகொடுக்கும் என்பதால் உடையாது. உள்ளே செம்புதான் உடையும். ஒவ்வொரு ஒயரையும் இரு கைகளிலும் ஒரு விரற்கடை இடைவெளியில் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல ஒயர் விறைப்பாக நிற்கும். செம்பு அறுந்த இடத்தில் உறை மட்டும் ரப்பர் போல் மெலிந்து நீளும். அந்த மெலிவை விரல் நுனியில் ஒருமுறை உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது.

அறுந்த இடத்தை அங்கேயே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதும் தவறு. அங்கேயே சால்டர் வைப்பதும் தவறு. ஈரத்தில் டேப்பின் பசை இளகிவிடும். சால்டர் வைத்த செம்பு விறைத்துப்போய், அடுத்த வளைவில் அதன் ஓரத்தில் மறுபடி உடையும். அறுந்த ஒயரைக் குழாய்க்கு இருபுறமும் ஒரு சாண் தள்ளி வெட்டி, நடுவில் 0.75 அல்லது 1 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள பல இழை செம்பு ஒயரைப் புதிதாகச் செலுத்துங்கள். இணைப்புகள் இரண்டும் வளையாத இடத்தில், ஒன்று தூணுக்குள்ளும் மற்றொன்று கதவுக்குள்ளும் அமைய வேண்டும். சால்டர் வைத்துச் சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். ரப்பர் குழாயைத் திரும்பப் பொருத்தும்போது அதன் உதடு தூணில் முழுவதும் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். உட்காராவிட்டால் அடுத்த மழை அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

அதே குழாயில் கண்ணாடி மோட்டாருக்கும் பூட்டுக்கும் செல்லும் ஒயர்களும் உறை வெடித்திருந்தால், ஸ்பீக்கர் ஒயரை மட்டும் சரிசெய்துவிட்டு மூட வேண்டாம். ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கட்டு முழுவதையும் மாற்றச் சொல்லுங்கள்.

## அறிகுறி 4: ஒலி வருகிறது, ஆனால் கரகரப்பாகவோ கிழிந்ததுபோலவோ இருக்கிறது

முதலில் பேஸ் (தாழ்ந்த சுருதி) கூட்டும் அமைப்பைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, ஒலியளவைக் குறைத்துக் கேளுங்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் இரண்டாம் கியரில் ஏறும்போது, இன்ஜின் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டும் என்று ஒலியைக் கடைசி வரை கூட்டுகிறோம். பெட்டியில் நான்கு வெளியீடுகளுக்கும் 50 வாட் என்று அச்சிட்ட ஸ்டீரியோ, தொடர்ச்சியாகத் தெளிவுடன் தரக்கூடியது ஏறக்குறைய 15 முதல் 20 வாட் மட்டுமே. அதற்கு மேல் வருவது சிதைந்த ஒலி. குறைந்த ஒலியளவில் கரகரப்பு மறைந்தால் ஸ்பீக்கர் மீது குற்றமில்லை.

குறைந்த ஒலியிலும் கரகரப்பு இருந்தால் ஸ்பீக்கரைக் கழற்றிக் கையில் எடுங்கள். கோனின் நடுப்பகுதிக்கு இருபுறமும் விரல் நுனிகளை வைத்து, சமமாக, மெல்ல உள்ளே அழுத்துங்கள். சத்தமின்றி உள்ளே போய்த் திரும்பினால் காயில் நன்றாக இருக்கிறது. மணலில் தேய்ப்பதுபோல் உரசினால் காயில் காந்த இடைவெளியில் சிக்குகிறது. துருத் துகள்களோ வளைந்த சட்டமோ காரணமாக இருக்கும். ஸ்பீக்கரைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூக்களில் ஒன்றை மட்டும் அதிகமாக இறுக்கினால்கூட மெல்லிய சட்டம் முறுக்கிக்கொண்டு உரசும். எனவே கழற்றும் முன், இடத்திலேயே எல்லா ஸ்க்ரூக்களையும் அரைச் சுற்றுத் தளர்த்திக் கேட்டுப் பார்ப்பதும் நல்லது. கோனைச் சட்டத்தோடு இணைக்கும் ஓர வளையம் வெடித்திருந்தால், வெடிப்பு சிறியதாக இருக்கும்போது துணி வளையத்துக்கு ரப்பர் பசையால் ஒட்டுப் போடலாம். நுரை வளையம் பொடிந்திருந்தால் ஒட்டுப் போட்டுப் பயனில்லை.

சென்ற ஆண்டு மஞ்சூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வண்டியின் பின் கதவைத் திறந்தபோது பார்த்ததை இங்கே விவரிக்க வேண்டும். அந்த ஸ்பீக்கரின் காகிதக் கோன் மழையில் நனைந்த நோட்டுப் புத்தக அட்டை போல் ஊதி அலையலையாக இருந்தது. கோனுக்குப் பின்னால் உள்ள மஞ்சள் துணி மடிப்பில் வெள்ளைப் பூஞ்சை வளையமாகப் படர்ந்திருந்தது. முனைகளில் பச்சைக் களிம்பு உப்புப்போல் பூத்திருந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது அவை அல்ல. ஸ்பீக்கர் துளையின் மேல் விளிம்பிலிருந்து கோனின் பின்புறம் வரை இறங்கிய மெல்லிய பழுப்புக் கோடுதான். அந்தக் கோட்டை மேல்நோக்கித் தொடர்ந்து சென்றபோது, கதவுத் தகரத்தின் மேல் ஒட்டியிருக்க வேண்டிய பாலித்தீன் தாள் ஒரு கை அகலத்துக்குக் கிழித்து மடித்துவிடப்பட்டிருந்தது. இரண்டாண்டுக்கு முன் ஸ்பீக்கர் மாற்றிய யாரோ துளையை அடைய அதைக் கிழித்து, திரும்ப ஒட்டாமல் போயிருக்கிறார்கள்.

கதவுக்குள் தண்ணீர் வருவது பழுது அல்ல. கண்ணாடியின் வெளிப்புற ரப்பர் பீடிங்கைத் தாண்டி மழைநீர் உள்ளே இறங்கி, கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகள் வழியாக வெளியேறும்படிதான் கதவுகள் செய்யப்படுகின்றன. பழுது என்பது அந்தத் துளைகள் அடைபடுவதும், பாலித்தீன் தாள் கிழிவதும். கற்பூர மரத்து இலையும், சில்வர் ஓக் சருகும், செம்மண்ணும் சேர்ந்து துளையில் சேறாக இறுகிவிடும். அப்போது கதவின் அடிப்பாகம் தொட்டியாகி, வளைவுகளில் வண்டி சாயும்போது தண்ணீர் தளும்பி ஸ்பீக்கரைத் தொடும். வண்டியை ஓட்டும்போது கதவுக்குள் சலசலவென்று கேட்டால் அது இதுதான்.

சரிசெய்யும் முறை: பிளாஸ்டிக் கட்டு நாடா ஒன்றைத் துளைக்குள் விட்டுக் குத்தி அடைப்பை எடுங்கள், இரும்புக் கம்பி வேண்டாம், உட்புறப் பெயின்ட் கீறித் துருப் பிடிக்கும். பிறகு அரை லிட்டர் தண்ணீரைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் மெதுவாக ஊற்றி, அது முழுவதும் கதவுக்கு அடியில் சொட்டி வருகிறதா என்று பாருங்கள். கிழிந்த தாளுக்குப் பதிலாகத் தடிமனான புதிய தாளைப் பியூட்டைல் நாடாவால் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) ஒட்டுங்கள். தாளின் கீழ் விளிம்பு கதவுத் தகரத்தின் உட்பக்கம் செருகப்பட்டால்தான் வழியும் நீர் கதவுக்குள்ளேயே விழும். புளித்த வாசனை வரும் சிலிக்கான் பசையை இங்கே பயன்படுத்த வேண்டாம். அதிலிருந்து வெளியேறும் அமிலம் செம்பையும் தகரத்தையும் அரிக்கும். ஸ்பீக்கருக்கு மேல், அதன் பின்புறத்தில், பழைய பிளாஸ்டிக் டப்பாவைப் பாதியாக வெட்டி ஒரு தாழ்வாரம்போல் பொருத்தினால் சொட்டு கோனில் விழாது.

நனைந்து மட்டும் இருந்து, உரசல் இல்லாத ஸ்பீக்கரை வீட்டுக்குள் நிழலில் இரண்டு நாள் உலரவிட்டு மறுபடி கேளுங்கள். அடுப்புக்கு அருகில் வைக்க வேண்டாம், பசை இளகும். மாற்றியே தீர வேண்டும் என்றால் காகிதக் கோனைத் தவிர்த்து, பாலிப்ரொப்பிலீன் கோனும் ரப்பர் ஓர வளையமும் உள்ளதாக வாங்குங்கள். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட உச்ச வாட்டைப் பார்க்காமல், தொடர் திறனையும், ஒரே திறனில் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்று காட்டும் டெசிபெல் அளவையும் பாருங்கள். ஆம்ப்ளிஃபையர் இல்லாத வண்டிக்கு 90 டெசிபெல் அல்லது அதற்கு மேல் உள்ளது பொருந்தும்.

## அறிகுறி 5: குறிப்பிட்ட சுருதியில் மட்டும் கடகடவென்று அதிர்கிறது

கைப்பேசியை ஸ்டீரியோவோடு இணைத்து, 50 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓடவிட்டு, உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, அதிரும் இடங்களை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள். எந்த இடத்தை அழுத்தும்போது அதிர்வு நிற்கிறதோ அங்கேதான் பிழை. டிக்கி மூடியில் உள்ள நம்பர் பிளேட், பார்சல் டிரேயின் ஓரம், கதவுக்குள் தொங்கும் கட்டாத ஒயர் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். உடைந்த கிளிப்புகளை உடனே மாற்றுங்கள். மிச்சமிருக்கும் கிளிப்புகளின் மேல் பாரம் ஏறி அவையும் உடையும். இதற்குத் தொழில் வல்லுநர் தேவையில்லை.

## அறிகுறி 6: புதிதாக மாட்டிய பிறகு பேஸ் குறைந்துவிட்டது

ஒரு பக்கத்தில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். இரு ஸ்பீக்கர்களில் ஒன்று வெளியே தள்ளும்போது மற்றொன்று உள்ளே இழுத்தால் தாழ்ந்த சுருதிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். பேலன்ஸை ஒரு பக்கம் முழுவதும் தள்ளும்போது பேஸ் கூடி, நடுவுக்கு வந்ததும் குறைந்தால் இதுதான் காரணம் என்று உறுதி செய்துகொள்ளலாம். ஸ்பீக்கரின் அகலமான முனை பொதுவாகப் பிளஸ். குறி அழிந்திருந்தால், பென்சில் பேட்டரியின் பிளஸை ஒரு முனையிலும் மைனஸை மறுமுனையிலும் தொடும்போது கோன் வெளிப்பக்கம் வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனையே ஸ்பீக்கரின் பிளஸ்.

முனைகள் சரியாக இருந்தும் பேஸ் இல்லாவிட்டால், ஸ்பீக்கர் வளையத்துக்கும் கதவுத் தகரத்துக்கும் இடையே சந்து இருக்கிறது. வளையத்தைச் சுற்றி நுரை நாடா ஒட்டிப் பொருத்துங்கள்.

## அறிகுறி 7: மாட்டிய பிறகு கண்ணாடி பாதியில் நிற்கிறது

ஸ்பீக்கரின் காந்தம் கண்ணாடியைத் தொடுகிறது. மோட்டாரை வற்புறுத்தாதீர்கள். ஸ்பீக்கருக்கும் தகரத்துக்கும் இடையே வைக்கும் இடைவளையம் போட்டால் தீரும். பலகை மூடாத அளவுக்கு வளையம் தேவைப்பட்டால், ஆழம் குறைந்த ஸ்பீக்கராக மாற்றி வாங்குங்கள். பலகையை மூடும் முன் கண்ணாடியைக் கடைசி வரை இறக்கி ஏற்றிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்த அறிகுறியே வராது.

## அறிகுறி 8: ஒலியைக் கூட்டினால் ஸ்டீரியோ தானாக அணைகிறது அல்லது மிகவும் சூடாகிறது

குளிர்ந்த காலையில் மட்டும் இப்படி நேர்ந்தால் பேட்டரியைப் பாருங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட்டும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட்டும் இருக்க வேண்டும்.

பேட்டரி நன்றாக இருந்தால், யாராவது ஒரே வெளியீட்டில் இரண்டு ஸ்பீக்கர்களை மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கதவு ஸ்பீக்கரையும் டிரே ஸ்பீக்கரையும் ஒரே ஒயரில் பக்கத்துக்குப் பக்கமாக இணைத்தால் 4 ஓம் என்பது 2 ஓம் ஆகிவிடும். 4 ஓமுக்கென்று செய்த ஸ்டீரியோ இரட்டிப்பு மின்னோட்டத்தில் சூடேறித் தன்னைக் காத்துக்கொள்ள அணையும். நாள்பட்டால் அணையாமல் எரியும். இரண்டையும் மாட்ட விரும்பினால் தனி ஆம்ப்ளிஃபையர் வையுங்கள்.

இன்னொரு காரணம் ஆபத்தானது. கேசட் காலத்து வண்டிகள் சிலவற்றில் ஸ்பீக்கர்களின் மைனஸ் முனை வண்டியின் உடலோடு எர்த் செய்யப்பட்டிருக்கும். இன்றைய பெரும்பாலான ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கருக்குச் செல்லும் இரு ஒயர்களிலும், உடலோடு ஒப்பிடும்போது, பேட்டரி வோல்ட்டில் ஏறக்குறைய பாதி இருக்கும்; எதையும் எர்த்தில் தொடவிடக் கூடாது. ஸ்டீரியோவை இயக்கி, பாட்டு இல்லாமல், ஒவ்வொரு ஒயருக்கும் உடலுக்கும் இடையே அளங்கள். இரண்டிலும் 6 வோல்ட்டுக்கு அருகில் காட்டினால் நல்லது. ஒன்றில் சுழியமோ முழு 12 வோல்ட்டோ காட்டினால் உடனே அணைத்து, ஒயரைக் கழற்றி, ஆட்டோ எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். பழைய வண்டிக்குப் புதிய ஸ்டீரியோ மாட்டும்போது பின் ஸ்பீக்கர்களுக்கு இரண்டு தனி ஒயர்களைப் புதிதாக இழுப்பதே பாதுகாப்பு.

## அறிகுறி 9: ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க விசில்போல் இரைச்சல் ஏறுகிறது

ஆம்ப்ளிஃபையர் உள்ள வண்டிகளில்தான் இது பெரும்பாலும் வரும். ஆம்ப்ளிஃபையரின் எர்த் ஒயர் பெயின்ட்டின் மேல் இறுக்கப்பட்டிருக்கும். பெயின்ட்டைச் சுரண்டித் தகரம் தெரிந்த இடத்தில் இறுக்கி, மேலே பெயின்ட் தொட்டு மூடுங்கள். அதிலும் தீராவிட்டால் ஸ்டீரியோவிலிருந்து வரும் ஒலி ஒயரை மின் ஒயரிலிருந்து பிரித்து வண்டியின் மறுபக்கமாகக் கொண்டுசெல்லுங்கள். அதற்குப் பிறகும் இரைச்சல் இருந்தால் ஆல்டர்னேட்டரைச் சோதிக்க ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் செல்ல வேண்டும்.

## அறிகுறி 10: ஸ்பீக்கர் மாற்றிய பிறகு பின் இருக்கைத் தரை நனைகிறது

தென்மேற்குப் பருவமழை கொட்டும் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து வண்டிகளில் ஆடி மாதத்தில் இது தெரியவரும். மிதியடியைத் தூக்கி, அதன் அடியில் உள்ள நுரையை அழுத்தினால் தண்ணீர் கசியும். மாற்றியவர் பாலித்தீன் தாளைக் கிழித்துவிட்டார் அல்லது ஒட்டாமல் விட்டுவிட்டார்; அறிகுறி 4-இல் சொன்னபடி தாளை ஒட்டுங்கள். நுரையை வெளியே எடுத்து உலர்த்தாமல் மேலே மிதியடியைப் போட்டால், ஒரு மாதத்தில் அடித்தகரத்தில் துரு பிடிக்கும்.

தாள் ஒட்டியதும் பலகையை உடனே மூட வேண்டாம். ஒருவர் வெளியே நின்று கண்ணாடி மேல் பத்து நிமிடம் குழாய்த் தண்ணீர் விடட்டும். நீங்கள் உள்ளே உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் தாளின் கீழ் விளிம்பையும் ஸ்பீக்கர் வளையத்தின் அடிப்பக்கத்தையும் உலர்ந்த காகிதக் கைக்குட்டையால் ஒற்றிப் பாருங்கள். காகிதம் நனைந்தால் அந்த இடத்தில் நாடாவைப் பிரித்து மறுபடி ஒட்டி, இன்னொரு முறை தண்ணீர் விடுங்கள். காகிதம் உலர்ந்தே இருந்தால் பலகையை மூடலாம்.